மாவு பூசிய கதவு

ஜனவரி 4, ஞாயிறு

பல் விளக்கப் போனால் பேஸ்ட் வெளியே வரவில்லை. டியூபைக் கக்கத்தில் இடுக்கி இளக வைத்து எடுத்தேன். அதைப் பார்த்து என் தங்கை மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டும், அவர் டியூபும் உறைந்துதான் கிடக்கிறது.

வடக்கே இந்தப் பனிமலை உச்சியில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். பதினையாயிரம் அடி உயரம். ஒரு கோபுரம், ஒரு தகரக் குடில், பக்கத்தில் சாமான் கொட்டகை, மிச்சமெல்லாம் பனி. கீழே இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும், சாலையில் பனி வெட்டுகிறவர்களுக்கும் போகிற ஒயர்லெஸ் பேச்செல்லாம் இந்தக் கோபுரம் வழியாகத்தான் போகிறது. அதில் பனிக்கட்டி ஏறினால் தட்டிவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

என்னோடு வழக்கமாக இருக்கிற ஆளுக்குச் சிறுநீரகக் கல் என்று அக்டோபரில் இறங்கிப் போய்விட்டார். குளிர்காலத்துக்குக் கூட ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். கழுகுமலையில் கடை போட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த என் தங்கை பேச்சியின் வீட்டுக்காரரை வரச் சொன்னேன். பெயர் வெயிலுமுத்து. பெயரிலேயே வெயிலை வைத்துக்கொண்டு இங்கே வந்து இப்படி நடுங்குகிறார்.

வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கோபுரம் என் பாடு. சமையல், பேட்டரி, புகாரி மூன்றும் அவர் பாடு. புகாரி என்பது மண்ணெண்ணெயில் எரிகிற இரும்பு அடுப்பு. அறை நடுவில் நிற்கும். அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். தினமும் காலையில் மாப்பிள்ளை ஏணி வைத்து ஏறி, குழாயின் தலையில் பிடித்த பனியைத் தட்டிவிட்டு வந்துதான் தேநீர் போடுவார்.

ஞாயிறு என்பதால் கீழ்முகாமில் இருக்கிற சோனம், பேச்சியின் போனை ஒயர்லெஸ்ஸோடு இணைத்துக் கொடுத்தான்.

"அண்ணே, அவுக நல்லா சாப்டுறாகளா? ஓவர்."

"உன் வீட்டுக்காரரு ரெண்டு ஆளு சாப்பாட்ட சாப்டுறாரு. ஓவர்."

"கேலி பண்ணாத. டாக்டரம்மா பிரசவம் மாசக் கடைசின்னு சொல்லிட்டாக. அதுக்குள்ள அவுகள அனுப்பி வச்சிரு. ஓவர்."

"அடுத்த ஹெலிகாப்டர்ல மொத ஆளா ஏத்தி விடுறேன். நீ பதறாம இரு. ஓவர்."

மாப்பிள்ளை பேச வந்தால் மட்டும் நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் வெட்கம்.

ஜனவரி 7

புயல் வருகிறதாம். நான்கைந்து நாள் நிற்கும், பெரிதாக இருக்கும் என்று சோனம் சொன்னான். அவன் எப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டே பேசுகிறவன். இன்று பாடவில்லை.

கொட்டகையிலிருந்து மண்ணெண்ணெய் கேன்களை உள்ளே இழுத்து வைத்தோம். குடிலிலிருந்து கோபுரம் வரை கட்டியிருக்கிற கயிற்றை இழுத்துப் பார்த்து முடிச்சுகளை மாற்றினேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, "மச்சான், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "குளிரு உள்ள வராம பாருங்க மாப்ள, அது போதும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மனுஷன் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சுவர்த் தகரத்தின் இணைப்புகளிலும், கதவுப் பலகை இடுக்குகளிலும், சன்னல் ஓரத்திலும் அப்பிவிட்டார். அது உறைந்து சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. இந்த யோசனை எனக்கு மூன்று குளிர்காலமாக வரவில்லை. "மாப்ள, வந்ததுக்கு இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேல பாத்திருக்கீங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார்.

ஜனவரி 8

காற்று ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 9

இப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை.

காலையில் கோபுரத்துக்குப் போனேன். இடுப்புக் கொக்கியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் போனேன். கதவைத் தாண்டியதும் என் பூட்ஸே எனக்குத் தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பாதி வழியில் காற்று காலை வாரிவிட்டது. கயிற்றில் தொங்கிக்கொண்டு தெற்குப் பக்கம் இழுபட்டேன். அந்தப் பக்கம் பாறை முடிந்துவிடும், அப்புறம் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. கயிற்றைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்து போய், தட்டிவிட்டு, தவழ்ந்தே வந்தேன். பயம் என்றில்லை. ஆனால் உள்ளே வந்து வெகுநேரம் வரை கையுறையைக் கழற்ற வரவில்லை.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நானும் வாறேன் மச்சான்" என்றார்.

"நீங்க கதவத் தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது. காத்து நிக்கிற வரைக்கும் உள்ளேயே கெடங்க."

"அப்ப அந்தப் பொகக்கொழாய்..."

"எல்லாம் நான் பாத்துக்கிடுறேன். நீங்க அடுப்பு பக்கத்துல உக்காருங்க."

சொன்னால் கேட்கிறவர்தான். உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 10

காற்றோட்டத்துக்காகச் சுவரில் வைத்த துளை வழியே பொடிப்பனி சீறிக்கொண்டு வந்து படுக்கையெல்லாம் ஈரம். நான் கோபுரத்துக்குப் போய் வந்து பார்த்தால், மாப்பிள்ளை தன் வேட்டியைச் சுருட்டித் துளைக்குள் திணித்து, மேலே மாவு பூசியிருந்தார். கதவைத் திறந்ததில் உதிர்ந்த மாவையும் மறுபடி அப்பினார்.

ஒரு மணி நேரத்தில் அறை கதகதவென்று ஆகிவிட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக இங்கே ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தேன். "மச்சான், நம்ம ஊரு சித்திரை!" என்று பனியனோடு நின்று கையை விரித்தார். நான்கூடச் சிரித்துவிட்டேன். வெளியே கூரையைப் பிய்க்கிற மாதிரி காற்று. உள்ளே இவர் இருக்கிற தெம்பு இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

இரண்டு பேருக்கும் தலைவலி. உயரம் இப்படித்தான் செய்யும், அதுவும் புயலில் கூடுதலாகச் செய்யும் என்று மாப்பிள்ளைக்கு விளக்கினேன். அவர் காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். ரசம் வைத்துக் கொடுத்தேன்.

பேச்சி பேசினாள். இங்கே இருக்கிற இரைச்சல் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன அண்ணே அது, லாரி ஓடுற மாதிரி? ஓவர்."

"காத்து. ஓவர்."

"அய்யோ. அவுகள வெளிய விடாத அண்ணே. உன் கால்ல விழுகேன். ஓவர்."

"வாசலத் தாண்ட விடல. அடுப்பு பக்கத்துல ராசா மாதிரி உக்காந்திருக்காரு. ஓவர்."

மாப்பிள்ளை வாங்கி இரண்டு வார்த்தை பேசினார். பிள்ளைக்குப் பெயர் யோசித்துவிட்டதாகச் சொன்னார். என்ன பெயர் என்று அவள் கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்து சொல்கிறேன் என்றார். ஓவர் சொல்லாமலே ஒயர்லெஸ்ஸைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் என்னிடம், "மறந்துருச்சு மச்சான்" என்றார். தூக்கக் கலக்கம்.

ஜனவரி 12

இரண்டு தடவை கோபுரத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஓர் ஆச்சரியம். வெளியே அந்தக் காற்றில் மாட்டியதும் தலைவலி காணாமல் போகிறது. உள்ளே வந்து சூட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் அப்படி இருக்கும்போல.

மாப்பிள்ளைக்கு நல்ல நிறம் வந்திருக்கிறது. கன்னமெல்லாம் சிவந்து, மாப்பிள்ளை அழைப்பில் பார்த்த மாதிரி இருக்கிறார். பாதி நேரம் தூக்கம். தூங்கட்டும், உடம்புக்கு நல்லது. அடுப்புதான் சரியாக எரியவில்லை, மஞ்சளாக எரிந்து கரி கக்குகிறது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும்.

உப்பு டப்பாவை எங்கே வைத்தார் என்று கேட்டு அவரிடம் கத்திவிட்டேன். டப்பா என் கையில் இருந்தது.

ஜனவரி 13

காற்று நிற்கவில்லை. நான்கைந்து நாள் என்றார்களே. கூரையில் யாரோ நடக்கிற மாதிரி சத்தம். பனிக்கட்டிதான், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்க்கிறேன்.

சாப்பிடவில்லை. சமைக்க எழுந்தால் முழங்கால் துணி மாதிரி மடிகிறது. மாப்பிள்ளை காரணமில்லாமல் சிரித்தார். என்ன என்று கேட்டால் அதற்கும் சிரித்தார்.

பயமாக இருக்கிறது. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

ஜனவரி 13

மாப்பிள்ளை எழுந்து கதவைத் திறக்கப் போனார். காலில் செருப்புகூட இல்லை. பனியனோடு. நான் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க மச்சான். மூச்சு முட்டுது. வெளிய போயி இருக்கேன்."

"வெளிய போனா செத்துருவீங்க."

"கொஞ்ச நேரம். வாசல்ல நிக்கேன்."

"பேசாமப் படுங்க மாப்ள!"

இந்த உயரத்தில் சில பேருக்குப் புயலில் புத்தி பிசகும், உடுப்பைக் கழற்றிவிட்டுப் பனிக்குள் நடந்து போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதுதான் அது. உதறினார், ஆனால் கையில் பலமே இல்லை, குழந்தையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. படுக்க வைத்து, போர்வையை இழுத்து மூடி, அடுப்பில் எண்ணெயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

நாளைக்குக் கோபுரத்துக்குப் போனால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். என்ன செய்வது. கதவை வெளியிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

ஜனவரி 15

நேற்று எழுதவில்லை. 13 என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், எந்த நாள் எது என்று தெரியவில்லை. எதுவோ. இன்று பொங்கல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, கதவின் கைப்பிடியை வெளியே நிலைக்கட்டையில் இருக்கிற வளையத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பேச்சிக்குக் கொடுத்த வாக்கு, வேறு எதுவும் என் மனதில் இல்லை.

கோபுரத்தில் ஏறித் தட்டிக்கொண்டிருக்கும்போது, அத்தனை நாளில் முதல் தடவையாகக் காற்று ஒரு மூச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். குடில் தெரிந்தது. கூரை தெரிந்தது. கூரையில் புகைக்குழாயைக் காணோம். குழாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை, சாணை பிடித்த மாதிரி வழவழவென்று உட்கார்ந்திருந்தது. புகை இல்லை. உள்ளே அடுப்பு எரிகிறது. நான்தான் எண்ணெயைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். புகை எங்கே போகிறது?

புயல் வந்ததிலிருந்து அந்தக் குழாயை யாரும் தட்டவில்லை. அது அவர் வேலை. அவரை வெளியே விடாதது நான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் நான். கோபுரம் என் பாடு என்று மூன்று வருடம் பழகிய புத்திக்கு, வாசலை விட்டு இறங்கினால் கோபுரத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சுவரில் ஓர் ஊசித் துளைகூட மிச்சமில்லாமல் அடைத்ததற்கு நான் பாராட்டு வேறு சொல்லியிருக்கிறேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓடினேன், விழுந்தேன், ஓடினேன். கதவு முடிச்சு உறைந்து கல்லாகியிருந்தது. கையுறையோடு முடியவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முயன்றேன், விரல் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்தது. "மாப்ள! மாப்ள!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. கடைசியில் பனிக்கோடரியால் கொத்தி அறுத்தேன். தள்ளினால் கதவு நகரவில்லை. அவர் கதவில் சாய்ந்து கிடந்தார்.

தோளைக் கொடுத்துத் தள்ளி, இடுக்கில் நுழைந்து, அடுப்பை அணைத்துவிட்டு, அவரைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். எந்தப் பனியில் அவர் கால் படக் கூடாது என்று கதவைக் கட்டினேனோ அதிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். முகம் செக்கச் சிவந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் ரத்தமும் மாவும். கதவுப் பலகையின் கீழ் இடுக்கில் ஒரு சாண் நீளத்துக்கு மாவைச் சுரண்டி எடுத்திருக்கிறார். அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அதனால்தான் மூச்சு இருந்தது.

அவர் நெஞ்சின்மேல் காதை வைத்துக்கொண்டு அழுதேன். முருகா, முருகா என்று கத்தினேன். காற்று மறுபடி பிடித்துக்கொண்டது, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தூங்கும் பைகள் இரண்டிலும் அவரைத் திணித்து, உடம்பு உள்ளே, தலை வாசலில் என்று படுக்க வைத்தேன். வேட்டியைப் பிடுங்கித் துளையைத் திறந்தேன். கதவைத் திறந்தே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பானையில் இருந்த தண்ணீர் உறைந்தது. அடுப்பை மூட்டினால் புகை கொல்லும், மூட்டாவிட்டால் குளிர் கொல்லும். ஏணி வைத்துக் கூரையில் ஏறி, குழாயை அடைத்த உருண்டையைக் கோடரியால் கொத்தினேன். ஏணி இரண்டு தடவை பறந்தது. அவர் தினமும் காலையில் தேநீருக்கு முன்னால் செய்கிற வேலை. எனக்கு அரை நாள் ஆயிற்று.

கீழ்முகாம் டாக்டர் ஒயர்லெஸ்ஸில் வந்தார். குழாய் அடைத்தால் அடுப்பு கக்குகிற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தலைவலியும் வாந்தியும் முகச் சிவப்பும் அதனால்தான் என்றார். நல்ல காற்றுப் படும்படி வைத்திரு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு, காற்று அடங்கியதும் ஹெலிகாப்டர் வரும் என்றார். பிழைப்பாரா என்று கேட்டேன். மூச்சு விடுகிறார் இல்லையா, அதைப் பார்த்துக்கொள் என்றார். மூளை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

நேற்று முழுக்க, இன்று இதுவரை, பேசிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. கழுகுமலைத் தேர், அவர் கடை, பேச்சியின் பிடிவாதம், எல்லாம் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைகிறது.

ஜனவரி 16

கண் விழித்துவிட்டார்.

காற்று விடியும்போதே தளர்ந்துவிட்டது. குழாய், துளை, கதவு மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு சின்னதாக அடுப்பு மூட்டினேன். தேநீரைக் கரண்டியில் ஊட்டினேன். விழுங்கினார். இரண்டாவது குவளையைக் கையில் வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். நான் கதவுக்கு வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

மத்தியானம் கஞ்சி கொடுத்தேன். "ரொம்ப சிரமம் உங்களுக்கு" என்றார். "நீங்களும் சாப்பிடுங்க சார்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கதவைக் கட்டினதற்குக் கோபம், அதனால் சார் என்கிறார். நியாயம்தான்.

சோனம், பேச்சி லைனில் இருப்பதாகச் சொன்னான். அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, அவுகளுக்கு என்ன? மறைக்காமச் சொல்லு. ஓவர்."

"ஒண்ணுமில்ல. தலவலி. கஞ்சி குடிச்சிட்டுத்தான் இருக்காரு. ஓவர்."

"அப்ப குடு. ஒரு வார்த்த பேசட்டும். ஓவர்."

அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கரண்டியை வழித்து நக்கிவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். வேறு யாருக்கோ வந்த போனைக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேட்டரி இறங்குது பேச்சி, நாளைக்குப் பேசச் சொல்றேன்" என்று சொல்லி ஒயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன். பேட்டரிக்கு ஒன்றுமில்லை.

டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு நாலைந்து நாளில் எல்லாம் திரும்பி வரும் என்றார். சிலருக்கு என்று மறுபடி ஆரம்பித்தார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. புயலுக்குப் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 17

வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது. காற்றே இல்லை. ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாகச் சோனம் சொன்னான்.

அவரை வெளியே அழைத்து வந்து, சுவர் ஓரம் கேன் மேல் உட்கார வைத்தேன். அவர் விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தேன். அவர் கட்டைப் பார்த்தார், என் கையில் இருந்த கட்டையும் பார்த்தார். வெயில் நன்றாக முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் பேச்சுக் கொடுத்தார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கொடுப்பது மாதிரி.

"சாருக்கு எந்த ஊரு?"

"கழுகுமலை."

"அட, நம்ம பக்கந்தான்!" முகமெல்லாம் சந்தோஷம். "வீட்டுல யாரெல்லாம் இருக்காக?"

"அம்மா. ஒரு தங்கச்சி."

"தங்கச்சிய நல்ல எடத்துல கட்டிக் குடுத்தாச்சா?"

அவர் விரலில் தளர்ந்திருந்த கட்டை மறுபடி இறுக்கினேன். அவர் அவசரப்படாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"குடுத்தாச்சு" என்றேன். "ரொம்ப நல்ல எடம்."

"அது போதும் சார்" என்றார். "வேற என்ன வேணும்."

கீழே பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நிற்கக் கை கொடுத்தேன்.